அனந்தபுரத்துக் கற்கள்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்று குடியேறும் தமிழர், புதிய ஊரில் முதலில் தேடுவது வாடகை வீடு. அடுத்து, முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் கிடைக்கும் கடை. அதன் பின்னர் ஒரு கோவில், ஒரு சங்கம், தமிழ்ப் பத்திரிகை வரும் ஓரிடம். தாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் கல் எத்தகையது, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. நாமும் திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்து பல ஆண்டுகள் அவ்வாறே கழித்தோம்.

இக்கேள்வி நமக்கு எழுந்ததற்குக் காரணம் ஒரு பிழை. மொழிபெயர்ப்பு நமது தொழில். பழைய கட்டடங்களைப் பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி ஒருமுறை நம்மிடம் வந்தது. அதில் ‘லாட்டரைட்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘செங்கல்’ என்றும், ‘கிரானைட்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘கருங்கல்’ என்றும் எழுதி அனுப்பிவிட்டோம். நிலவியல் கற்ற நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “முதலாவது முழுத் தவறு, இரண்டாவது பாதித் தவறு, அந்தப் பாதியும் மூலத்தின் தவறு” என்றார். அகராதியைப் புரட்டி அவருடன் வாதாடினோம். அவர் வாதாடவில்லை. “ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தம்பானூர் ரயில் நிலையத்தின் முன் வந்து நில்லுங்கள், செருப்பு தேய்ந்தாலும் பரவாயில்லை என்று எண்ணி வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

ரயில் இவ்வூருக்கு 1918இல் வந்தது. அப்பொழுது அது கடற்கரைப் பக்கம் சாக்கையோடு நின்றுவிட்டது. ஊரின் நடுவேயுள்ள தம்பானூருக்கு நீண்டது 1931இல். அவ்வாண்டு திறக்கப்பட்ட நிலையக் கட்டடத்தின் முகப்பு பூச்சின்றி, கல் கல்லாகவே நிற்கிறது. நாம் ஆயிரம் முறை அதன் வழியே உள்ளே சென்றிருக்கிறோம். ஒரு முறையும் அருகில் சென்று பார்த்ததில்லை. நண்பர் சுவரின் மேல் விரலை வைத்துக் காட்டினார். வெளிறிய சாம்பல் நிறம். இடையிடையே கரிய வரிகள் மடிந்து மடிந்து ஓடுகின்றன. கூர்ந்து பார்த்தால் கடுகளவும் மிளகளவுமாகச் சிவந்த மணிகள் தெரிகின்றன. அம்மணிகள் கார்னெட். நவரத்தினங்களில் ஒன்றாக நாம் எண்ணும் கோமேதகமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கே அது சுவரில் கிடக்கிறது. எடுத்துச் செல்வார் இல்லை, எடுத்தாலும் விலை போகாது.

இவ்வாறு வரியோடிய பாறைக்கு ‘நைஸ்’ என்று பெயர். கிரானைட் என்பது உருகிய குழம்பு பூமியின் ஆழத்தில் மெல்ல ஆறி இறுகியது. நைஸ் அவ்வாறன்று. முன்பே இருந்த பாறை ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து, பிசையப்பட்டு, வேறு உருக் கொண்டது. நமது தமிழ்ச் சொல்லாகிய ‘கருங்கல்’ இவ்விரண்டையும் அடக்கும். ஆகவே அது பிழையற்ற சொல். கட்டட வழக்கில் கடினமான கல் எதையும் கிரானைட் என்று எழுதிவிடும் பழக்கம்தான் பிழை. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடச் சரியாக அமைந்துவிட்ட அபூர்வ சந்தர்ப்பம் என்று நாம் மகிழ்ந்தோம். நண்பர் செங்கல்லை நினைவூட்டினார்.

திருவனந்தபுரத்தின் அடிப்பாறை பெரும்பாலும் மூவகைப்படும். மேலே சொன்ன கார்னெட் பொதிந்த நைஸ் ஒன்று. இரண்டாவது கொண்டலைட், ஒடிசாவின் கோந்த் பழங்குடியினர் பெயரால் வழங்குவது. ஒடிசாவில் வாழும் நம்மவர், கோனார்க்கின் சூரியன் கோவில் இவ்வினக் கல்லால் கட்டப்பட்டது என்பதை அறிந்திருக்கக்கூடும். மூன்றாவது சார்னோகைட், நீலமும் பச்சையும் கலந்த கருமை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. இதன் பெயர்க் கதை சுவையானது. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனிக்குக் களம் அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலார் அக்கல்லை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டு, இறந்தவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். வங்காளத்தில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு முன்பே பல்லாவரத்திலிருந்து அங்கே குடியேறிய கல் ஒன்று இருக்கிறது; ஒரு நாள் சென்று பாருங்கள்.

இப்பாறைகள் இன்றைய வடிவை அடைந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அன்று இந்நிலமும் இலங்கையும் மடகாஸ்கரும் ஒரே பெருநிலத்தின் அடுத்தடுத்த பகுதிகள். ஆகவே கண்டிச் சீமையில் பிறந்து இன்று வேறெங்கோ வாழும் தமிழர் ஒருவர் இவ்வூர்க் கல்லைக் கண்டால், ஊர்க் கல்லைப் போலிருக்கிறதே என்று ஐயுற இடமுண்டு.

தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை நடந்து செல்லும் தொலைவுதான். வழியில் பழவங்காடிப் பிள்ளையார். பழவங்காடி என்ற பெயரிலேயே அங்காடி நிற்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வேண்டுதலுக்காக உடைபடும் தேங்காய்களின் ஓசை அதிகாலை முதற்கொண்டே கேட்கிறது. எத்தனை தேங்காயை வாங்கினாலும் அசையாதிருக்கும் அக்கல்லையும் நண்பர் எட்டிப் பார்க்க முயன்றார். கூட்டம் இடம் தரவில்லை.

கோட்டை மார்த்தாண்ட வர்மர் காலத்தில் (1729–1758) எழுந்தது. கருங்கல்லும் செம்புரைக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த வேலை. கிழக்கு வாயிலுக்கு வெள்ளை பூசி அழகுபடுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு இருபுறமும் ஓடிய மதில் பல இடங்களில் கடைகளின் முதுகுக்குப் பின்னே மறைந்துவிட்டது. போக்குவரத்துக்காக மதிலை வெட்டித் திறந்த ஓரிடத்திற்கு ‘வெட்டிமுறிச்ச கோட்டை’ என்றே பெயர். வெட்டியதை மறைக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்ட நேர்மையை நாம் மெச்சினோம். காரை உதிர்ந்த மூலைகளில், துளைத்துளையாய், பழுப்பும் மஞ்சளும் சிவப்பும் கலந்து, கரையான் புற்றைப் போல ஒரு கல் எட்டிப் பார்க்கிறது. நாம் செங்கல் என்று எழுதிய லாட்டரைட் இதுதான். இங்குள்ளோர் வெட்டுகல் என்பர். தமிழில் செம்புரைக்கல் எனலாம்.

இக்கல்லுக்கு உலகப் பெயர் கிடைத்தது கேரளத்திலேயே. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின், 1800இல், கம்பெனியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் நாடுகளைச் சுற்றி வந்தார். மலபாரில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் மக்கள் மண்ணிலிருந்து கல்லை மழுவால் வெட்டி எடுத்து வீடு கட்டுவதைக் கண்டார். வெட்டும்பொழுது மெத்தென்றிருந்த கல், காற்றும் வெயிலும் பட்டதும் இறுகி, செங்கல்லை வெல்லும் உறுதி பெற்றது. லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு அவர் இதற்கு லாட்டரைட் எனப் பெயரிட்டார். 1807இல் வெளியான அவர் நூலில் அப்பெயர் உள்ளது. ஆக, செங்கல் என்று நாம் எழுதியது சொல்லின் வேருக்குப் பொருந்தும், பொருளுக்குப் பொருந்தாது. இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்ததையும் மறைப்பதற்கில்லை.

கருங்கல்லும் செம்புரைக்கல்லும் பகையல்ல. தாயும் மகளும் போல. மேற்குத் தொடரின் பெருமழை பல்லாயிரம் தலைமுறைகளாகப் பாறையை ஊறவைத்துக் கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோய்விட, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் கட்டிப்பட்டதே செம்புரைக்கல். இம்மாநகரின் குன்றுகள் பலவற்றின் தலையில் இந்தச் சிவப்புப் போர்வைதான் கிடக்கிறது. ஏழை எளியவன் அடிவாரத்தில் கிடைப்பதை மழுவால் வெட்டி வீடு கட்டினான். கருங்கல்லை உளி கொண்டு பிளந்து இழுத்துவர அரசனுடைய ஆணையும் ஆள்பலமும் வேண்டியிருந்தன. கல்லைப் பார்த்தே கட்டியவன் யாரென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்த ஆணையையும் ஆள்பலத்தையும் காண வேண்டின் பத்மநாப சுவாமி கோவிலுக்குள் செல்ல வேண்டும். வேட்டி அணிந்து, மேலாடை களைந்து, புகைப்படக் கருவியை வெளியே வைத்துவிட்டுச் சென்றோம். 1686இல் தீக்கிரையான கோவிலை மார்த்தாண்ட வர்மர் மீண்டும் கட்டுவித்தார். பிரகாரத்தைச் சுற்றி ஓடும் சீவேலிப்புரை முழுதும் கல். தூண்கள் 365¼ என்பது மரபுக் கணக்கு. அந்தக் கால் தூண் எங்கே என்று நாமும் எல்லாரையும் போலத் தேடினோம். 4000 கல்தச்சரும் 6000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு மாதம் உழைத்து இதை முடித்ததாகக் கூறுவர்.

கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபம் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. பக்கத்திற்கு 20 அடி, கனம் இரண்டரை அடி, ஒரே பாளம். ஊருக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள திருமலையிலிருந்து 1730களின் தொடக்கத்தில் வெட்டிக் கொண்டுவந்தது. நண்பர் மனக்கணக்குப் போட்டார்: 1000 கன அடி, எடை 75 டன்னுக்குக் குறையாது. பாறையில் வரிசையாகக் குழி கொத்தி, ஆப்பிறக்கி, பிளவு கோணாமல் ஓடவைத்து, பெயர்த்த பாளத்தை மேடும் பள்ளமுமான வழியில் விரிசலின்றிக் கொணர்ந்து, இடுங்கிய இடத்தில் மட்டமாக இருத்திய கைகள் எத்தகையவை! நைஸ் பாறை வரியின் போக்கில் எளிதில் பிளக்கும். வரிக்குக் குறுக்கே முரண்டு பிடிக்கும். உளி பிடித்தவனுக்கு இது கல்விச்சாலையில் கற்றதன்று, கையில் கற்றது.

ஒரு விசேஷம். இத்தனை கருங்கல்லுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாளின் திருமேனி கருங்கல் அன்று. கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரைக் கலவையில் பதித்து அமைத்தது என்பது கோவில் வழக்கு. சாளக்கிராமம் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இமயம் எழாத காலத்தில், அங்கே கிடந்த கடலில் வாழ்ந்த சுருள்சங்கு போன்ற உயிர்களின் படிவம். வடகோடியில் மறைந்த கடலொன்றின் உயிர்கள் தென்கோடியில் வணக்கம் பெறுகின்றன.

வெளியே வந்து பத்மதீர்த்தத்தின் கற்படியில் அமர்ந்தபொழுது நமக்கு வேறொரு நினைவு எழுந்தது. திருமலையில் கல் பெயர்த்தவர்களிலும் அதை இழுத்து வந்தவர்களிலும் எத்தனை பேர் முடிந்த கோவிலைப் பார்த்தார்கள்? கோவில்களுக்கும் கோட்டைகளுக்கும் கூலியின்றி உழைக்கும் ‘ஊழியம்’ என்ற கடமை இச்சமஸ்தானத்தில் எளிய சாதியினர் மேல் நெடுங்காலம் கிடந்தது. அக்கொடுமைகளை எதிர்த்துப் பேசிய சுவாமித்தோப்பு வைகுண்ட சுவாமிகள் 1830களில் இவ்வூர்ச் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். சமஸ்தானத்துக் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12ஆம் நாள். மண்டபத்துக் கல் வந்து சேர்ந்து 200 ஆண்டுகளுக்கும் மேல். இரு நூறு ஆண்டுகள் அக்கல் உள்ளேயும் அதைச் சுமந்தவர் மக்கள் வெளியேயும் நின்றார்கள். தூண்களின் கணக்கைக் கால் வரை எண்ணி வைத்த மரபு, ஒரு கல்தச்சன் பெயரையேனும் நாவில் வைத்துக்கொண்டிருக்கலாம்.

அங்கிருந்து சாலை அங்காடிக்குள் நுழைந்தோம். தர்மராஜா என்னும் கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய கடைத்தெரு இது. வெங்காயம், வெல்லம், மிளகாய், பித்தளை, கயிறு, பூ என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. தமிழ் வணிகர் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றனர். பேரம் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் நடக்கும், கோபம் வந்தால் மட்டும் ஏதேனும் ஒரு மொழி முழுதாய் வரும். பழைய கடைகளின் வாயிற்படிக் கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மூட்டைகள் உரசி உரசி அவற்றின் நடுப்பகுதி குழிந்து கண்ணாடி போல் ஆகியிருக்கிறது. நண்பர் குனிந்து பார்த்த ஒரு படி, நாம் தேடிய எண்ணெய் மினுமினுப்புடன் இருந்தது. சார்னோகைட்தானா என்று கேட்டோம். “ஆம். ஆனால் மினுமினுப்பில் பாதி கடைக்காரருடைய தேங்காயெண்ணெய்” என்றார்.

அம்மி, ஆட்டுக்கல் வைத்திருந்த ஒரு கடையில் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“ஐயா, இவை எந்த ஊர்க் கல்?”

“நம்ம நாஞ்சில் நாட்டுக் கல்தான், சார். மயிலாடிப் பக்கம். எங்க அப்பா காலத்தில வண்டி வண்டியா வரும். இப்ப மிக்ஸி வந்த பிறகு யாரு வாங்குறா? புதுமனை புகுறவங்க சாஸ்திரத்துக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க.”

“வேற்று மாநிலத்துக் கல்லாகிவிட்டதே இப்போது?”

“கல்லுக்கு ஏது சார் மாநிலம்? லாரிக்குத்தான் செக்போஸ்ட்டு.”

1956 நவம்பர் 1ஆம் நாள் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடும் திருவனந்தபுரம் கேரளத்தோடும் சேர்ந்தன. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பேணுவது கேரளம். அதற்கு அருகே உதயகிரிக் கோட்டையில், 1741இல் குளச்சலில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய், 1777இல் இறந்து உறங்குகிறார். அவர் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. மலையாள நாட்டரசரின் படைத்தலைவர், ஐரோப்பியர், அவருக்கு எழுத்து தமிழில். வரைபடத்தில் கோடு கிழித்தவர்களுக்கு இத்தகைய கற்கள் பெருந்தொல்லை கொடுத்திருக்க வேண்டும்.

அங்காடி முடியுமிடத்தில் வலியசாலை. அக்கிரகாரமும் மகாதேவர் கோவிலும் அமைந்த இவ்விடமே முதலாம் இராசராசனுடைய மெய்க்கீர்த்தி முதலிற் சொல்லும் காந்தளூர்ச் சாலை என்று பலர் கொள்வர். வேறிடம் காட்டுவாரும் உளர். சாலை என்றால் வழி என்றே இன்று கொள்கிறோம். அன்று அது உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய நிலையம். ஆய் வேந்தன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை நிறுவியபொழுது, காந்தளூரின் முறையையே பின்பற்றப் பணித்தான். அச்செய்தி தமிழில், வட்டெழுத்துச் செப்பேட்டில் இருக்கிறது. இவ்வூர் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் அதற்கு ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர். ஹுசூர் கச்சேரிக்காக 1869இல் கட்டி முடித்த மாளிகையே இன்றைய தலைமைச் செயலகம். எதிரே நிற்பது கும்பகோணத்தில் பிறந்து இங்கே திவானாக இருந்த மாதவராவின் சிலை. மாளிகையின் கல் வெள்ளைப் பூச்சுக்குள் ஒளிந்திருப்பதால் அத்திசைக்கு நாம் செல்லவில்லை.

கல்லைக் காண்பது ஒன்று, கல்லைப் படிப்பது மற்றொன்று. இவ்வூரில் அதை முதலில் முறையாகச் செய்தவர்களுள் ஒருவரை நாம் நாடகாசிரியராக மட்டும் அறிவோம். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை, ‘மனோன்மணீயம்’ வெளிவந்த (1891) சில ஆண்டுகளுக்குள், திருவிதாங்கூரின் பண்டை அரசர்களைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கேள்விக் கதைகளை ஒதுக்கிவிட்டு, ஊரூராய்ச் சென்று திரட்டிய கல்வெட்டுகளைக் கொண்டு வேணாட்டரசர் சிலரின் காலத்தை வரையறுத்தார். 1897இல், 42 வயதிலேயே, மறைந்தார். அவர் தொடங்கிய வேலையைத் து. அ. கோபிநாதராவ் முதலியோர் திருவிதாங்கூர்த் தொல்லியல் தொகுதிகளாக வளர்த்தனர். அவருடைய வாழ்த்துப்பாடலைப் பாடும் நாம், அவர் மைபூசிப் படியெடுத்த கற்களில் எவை இன்று வெயிலில் நிற்கின்றன, எவை சுவருக்குள் சென்றன, எவை சுண்ணாம்பின் கீழ் மூடின என்று கேட்பதில்லை. வலியசாலையில் ஒரு வீட்டுத் துவைகல்லைக் கண்டதும் நாம் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க விரும்பினோம். வீட்டு அம்மாள் நம்மைக் குடிநீர் வாரியத்தார் என்று எண்ணிக் குழாயைப் பற்றி முறையிடத் தொடங்கவே, வணங்கி விடைபெற்றோம்.

கிள்ளிப்பாலம் கடந்து கரமனை சேர்ந்தபொழுது வெயில் ஏறிவிட்டது. அகத்தியமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் கரமனையாற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கருங்கற்பாலம் கட்டியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஹார்ஸ்லி. 1837இல் இந்நகரில் எழுந்த வானாய்வுக்கூடத்தை வரைந்தவரும் அவரே. ஆற்றின் கரையில் அக்கிரகாரத்து வீடுகள்; நீலகண்ட சிவன் கீர்த்தனம் பாடிய தெருக்கள்.

நண்பர் கரையிறங்கி ஒரு பிடி மணலை அள்ளிக் கைக்குட்டையில் பரப்பினார். வெண்மணலுக்குள் கரிய பொடி ஒரு வரி, இளஞ்சிவப்புப் பொடி ஒரு வரி. சிவந்தது கார்னெட், தம்பானூர்ச் சுவரில் கண்ட அதே மணி, பாறையை விட்டுக் கழன்று வந்திருக்கிறது. கரியது இல்மனைட் முதலியன. கடலை அடைந்த இம்மணலை அலைகள் பிரித்துக் கரையில் ஒதுக்குகின்றன. மணவாளக்குறிச்சிக் கரிமணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தது, இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச்சென்ற மணலைக் கொண்டுதான் என்பர்.

“செம்புரைக்கல் என்று திருத்தி எழுதிவிட்டீர்களா?” என்று நண்பர் கேட்டார்.

கோப்பு எப்பொழுதோ அச்சுக்குச் சென்றுவிட்டது என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் மணலைப் பொட்டலமாய் மடித்து நம் சட்டைப்பையில் இட்டார். இன்று அது அலுவலக மேசையில், அகராதிக்கு அருகே இருக்கிறது.